லூர்துக்குப் போன ஞாயிற்றுக்கிழமைகள்

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி இருக்கும். பினாங்கு ஜெலுத்தோங்கில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஆ லியோங், ஒரு பச்சைச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றார். அது என் நண்பர் சூசைநாதனின் வண்டி. சூசைநாதன் வண்டி ஓட்டுவதை நிறுத்தி ஏழெட்டு மாதங்கள் ஆகியிருந்தும், மாதம் ஒருமுறை அதற்கு எண்ணெய் போட்டாக வேண்டும் என்பது அவருடைய கட்டளை. அதனால் அது கடையில் இருந்தது. ஆ லியோங் அதில் ஏறி மிதிக்காமல் இரண்டு மைல் தூரமும் தள்ளிக்கொண்டே வந்திருந்தார். "உங்கள் தோழர் விடியற்காலையில் போய்விட்டார், மாஸ்டர். வண்டி உங்களிடம் இருக்கட்டும் என்று அவர் மனைவி சொன்னார்" என்று மலாயில் சொல்லிவிட்டு, வண்டியைச் சுவரில் சாய்த்து, அதன் மணியை ஒரு துணியால் துடைத்தார்.

இதைப் படிப்பவர்களில் பலர் சூசைநாதனிடம் சித்திரம் படித்தவர்கள். அவருடைய வகுப்புக்குப் பக்கத்து அறையில்தான் நான் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டுமே. பின்னம் பற்றி நான் விளக்கிக்கொண்டிருக்கும்போது தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் கேட்கும்: "அழிக்காதே! தப்புக் கோடு இருக்கட்டும். பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடு. அப்பத்தான் எங்க வழி தவறினோம்னு தெரியும்." அவர் வகுப்பில் அழிப்பான் கிடையாது. உங்களுக்கு நினைவிருக்கும்.

ஆனால் நான் சொல்ல வந்தது வகுப்பறையைப் பற்றி அல்ல. சூசைநாதன் பினாங்கை விட்டு ஒருநாளும் கப்பலேறாமல் பிரான்சுக்குப் போய்வந்த கதை, எங்கள் இரண்டு வீட்டாரையும் தவிர அதிகம் பேருக்குத் தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன் அவர் மனைவி ஞானம்மாளுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. பிழைப்பது சந்தேகம் என்றார்கள். ஞானம்மாள் எழுந்து நடந்தால் பிரான்சிலுள்ள லூர்து மாதாவின் ஊருக்கே நேரில் வருகிறேன் என்று சூசைநாதன் பொருத்தனை செய்துகொண்டார். அந்த அம்மாள் எழுந்தார். எழுந்த மறுவாரமே, "சித்திர வாத்தியார் சம்பளத்துல லூர்துக்கா? நேர்ந்துக்கும்போது பக்கத்துல ஏதாவது ஊரைச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்கவும் செய்தார்.

சூசைநாதனுக்கு அது விளையாட்டாக இல்லை. சொன்ன சொல் நிற்கிறதே என்று மனம் வாடிப் பங்குச் சாமியாரிடம் போனார். அவர் வயதான பிரெஞ்சுக்காரர். குருவாவதற்கு முன் ரூவான் என்ற நகரிலிருந்து லூர்து வரை சைக்கிளிலேயே போனவர். அவர் ஒரு பழைய வரைபடத்தை எடுத்துக் கொடுத்து, "இந்தச் சிவப்புக் கோடு நான் போன வழி. இதன் தூரத்தை உன் ஊர்ச் சாலைகளில் உன் காலாலேயே மிதித்துக் கட. கடைசி ஊரை எட்டும் அன்று உன் பொருத்தனை நிறைவேறியதாகும்" என்றாராம். அடுத்த மாதம் அவர் சயாமுக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

சூசைநாதன் நேரே என்னிடம் வந்தார். "வாத்தியாரே, படம் போட எனக்குத் தெரியும். தூரம் எண்ண நீங்க வரணும்."

"நான் சைவன் ஐயா. லூர்துல எனக்கு என்ன வேலை?"

"எண்ணுறதுல என்ன சைவம், கிறிஸ்தவம்? ஏழும் எட்டும் எங்களுக்கும் பதினஞ்சுதான்."

வரைபடத்தை என் மேசையில் விரித்தோம். ஒரு மூலையைக் கரையான் தின்றிருந்தது. ஊருக்கும் ஊருக்கும் நடுவே சின்னச் சின்ன எண்கள். "இதெல்லாம் மைலா வாத்தியாரே?" என்று அவர் கேட்டார். "பின்னே முழமா?" என்றேன் நான். கூட்டிப் பார்த்ததில் எண்ணூற்று அறுபது வந்தது.

அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு ஞாயிறு, முதல் பூசை முடிந்ததும் இருவரும் கிளம்புவோம். சாலையோர மைல்கற்களைப் பார்த்து ஒரு நோட்டில் தூரத்தை நான் குறிப்பேன். அதற்குக் கீழே அன்று கண்டதை அவர் ஒரு வரியில் எழுதுவார். வரைபடத்தில் மேடுகளுக்கு அம்புக்குறி போட்டிருந்தது. கடுமையான மேட்டுக்கு இரண்டு அம்பு. பாலிக் புலாவுக்குப் போகும் மலைப்பாதையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறும்போது நான் மூச்சு வாங்கினால், "ஒரே அம்புதான் வாத்தியாரே, ரெண்டு அம்பு இன்னும் வரவே இல்ல" என்பார். சாமியார் கோட்டோரம் பென்சிலால் எழுதிய குறிப்புகளும் அவருக்கு மனப்பாடம். இந்த இடத்தில் ஆப்பிள் மரங்கள், இந்த ஊரில் கோயில் பக்கத்துக் குழாயில் நல்ல தண்ணீர், இந்த வளைவில் வாத்துகள், ஜாக்கிரதை. நம்பினால் நம்புங்கள், அந்த வளைவுக்குரிய மைலில், பாயான் லெப்பாஸில், ஒரு சீனர் வீட்டு வாத்துக் கூட்டம் எங்களைத் துரத்தியது. சூசைநாதன் வண்டியை நிறுத்தி, வாத்துகளைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார்.

சார்த்ர் என்ற ஊரை நெருங்கிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. அங்கே கோதுமை வயல்களுக்கு மேலே, ஊர் கண்ணுக்குத் தெரிவதற்கு வெகுமுன்பே, தேவாலயத்தின் இரண்டு கோபுரங்கள் தெரியுமாம். ஒன்று உயரம், ஒன்று குட்டை. நாங்கள் பாலிக் புலாவ் நெல்வயல் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தோம். வயலுக்கு அப்பால் இரண்டு தென்னைமரங்கள், ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. அவர் அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் அப்படி நின்றதைப் பார்த்து நானும் தொப்பியைக் கழற்றிவிட்டேன்.

லுவார் ஆற்றைக் கடந்த அன்று கொண்டாடாமல் இருக்க முடியுமா? கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், காவடி போலத் தோளில் சுமந்து சோறு விற்கும் ஒரு தமிழ் முஸ்லிம் காக்காவிடம் போய் உட்கார்ந்தோம். எங்கள் சட்டையைப் பார்த்து அவர் கேட்டார்: "எங்கேருந்து வாறீங்க, இவ்வளவு தூசியோட?"

"பிரான்சுலேருந்து காக்கா" என்றார் சூசைநாதன்.

"அப்ப ரொம்பப் பசிச்சிருக்கும் லா" என்று அவர் முகம் மாறாமல் இன்னொரு அகப்பை சோறு வைத்தார்.

வீட்டில் ஞானம்மாள் விடுவதில்லை. "வாங்க. பிரான்சுல மீன் என்ன விலை? இங்க பசார்ல நான் வாங்கிட்டேன்" என்பார். ஆனால் அவர் கணவர் வரைபடத்தில் அன்றைய தூரத்துக்குப் புள்ளி வைக்கும்போது, கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து பார்க்காமல் இருக்கமாட்டார்.

மூன்று ஆண்டுகள் போயின. எண்ணூறு மைல் முடிந்து அறுபது மீதி இருந்தபோது சூசைநாதனுக்கு நெஞ்சு வலித்தது. இனி சைக்கிள் கூடாது, மாடிப்படிகூட மெதுவாகத்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மீதியை அவருக்காக நான் ஓட்டுகிறேன் என்றேன். "பொருத்தனை என் காலுக்கு, வாத்தியாரே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பத்து நாள் கழித்து ஒருநாள் காலையில் யாருக்கும் தெரியாமல் வண்டியை எடுத்திருக்கிறார். தெருமுனை தாண்டவில்லை. ரிக்‌ஷாவில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அன்று ஞானம்மாள் அழுதபடி சத்தம் போட்டார்: "நான் பொழைச்சதுக்காக நீங்க சாகணுமா? அந்த மாதாவே இதைக் கேட்டா சிரிப்பாங்க!" அதன்பின் சூசைநாதன் வரைபடத்தை விரிப்பதையே விட்டுவிட்டார். இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கத்தில் அவரை அப்படி நான் பார்த்ததில்லை. அறுபது மைலுக்காக ஒரு மனிதர் தன்னையே பொய் சொன்னவராக எண்ணிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அந்த நிலையில்தான் பங்குக்குப் புதிதாக வந்த இளம் சாமியார் அவருக்கு நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொடுக்க வீட்டுக்கு வந்தார். இவரும் பிரெஞ்சுக்காரர். புத்தகம் வைத்துத் தமிழ் படித்தவர். நானும் அங்கே இருந்தேன். ஞானம்மாள் கதையைச் சொல்லி, வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினார். சாமியார் விரலால் சிவப்புக் கோட்டைத் தடவிக்கொண்டே போய், "அழகிய வழி. எண்ணூற்று அறுபது கிலோமீட்டர். இதற்கு மூன்று ஆண்டுகளா ஆயின?" என்றார்.

"கிலோமீட்டரா?" என்றேன்.

"பிரான்சில் வேறு என்ன இருக்கும், ஐயா?"

கிலோமீட்டரை மைலாக்கும் கணக்கை ஆண்டு தவறாமல் கரும்பலகையில் போட்டவன் நான். எட்டுக்கு ஐந்து என்று பிள்ளைகளைக் கோரஸாகச் சொல்லவைத்தவன். நோட்டை எடுத்து, விளிம்பில் கணக்குப் போட்டேன். எண்ணூற்று அறுபது கிலோமீட்டர் என்றால் ஐந்நூற்று முப்பத்தேழரை மைல்.

"சூசை," என்றேன், "நாம எப்பவோ போய்ச் சேர்ந்துட்டோம் ஐயா."

அவர் என்னையே பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "அப்ப மிச்சம் ஓட்டினதெல்லாம்?"

"லூர்துக்குப் பின்னாடி இருக்கிற மலையைத் தாண்டி ஸ்பெயினுக்குள்ள."

"பாஸ்போர்ட்டு இல்லாமலா?" என்று சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. ஞானம்மாள் பயந்து நெஞ்சைத் தடவிவிட்டார். "இந்தக் கணக்கு வாத்தியாரை நம்பிப் போனா இப்படித்தான்!" என்று என்னைத் திட்டியபடி அவரும் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் சூசைநாதன் கேட்டார்: "எந்த நாள்ல சேர்ந்தோம்? பாருங்க."

நோட்டில் ஒவ்வொரு ஞாயிறாகக் கூட்டிக்கொண்டே போனேன். ஐந்நூற்று முப்பத்தேழைத் தாண்டிய நாளில் தூரத்துக்குக் கீழே அவர் கையெழுத்தில் இப்படி இருந்தது: "தெலுக் பகாங். நல்ல மழை. சங்கிலி அறுந்தது. குறிப்பிட ஒன்றுமில்லை."

எங்கள் பயணங்களிலேயே மிக மோசமான நாள் அது. தெலுக் பகாங்கில் நடுச்சாலையில் சங்கிலி அறுந்து, தொப்பலாக நனைந்து, யார் மேல் தப்பு என்று சண்டை போட்டுக்கொண்டு நின்றோம். கடலோரக் குடிசையிலிருந்து ஒரு மலாய் அம்மாள் கைகாட்டிக் கூப்பிட்டார். தலை துவட்டத் துணி கொடுத்தார். வேகவைத்த மரவள்ளிக்கிழங்கில் தேங்காய்த் துருவல் தூவி வைத்தார். மழை விடும்வரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அந்த நாளை நான் நினைவுபடுத்திச் சொல்ல, சூசைநாதன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "லூர்துல தண்ணிதானே விசேஷம்," என்றார். "மாதா ஒரு குடம் ரெண்டு குடமாவா ஊத்தினாங்க அன்னைக்கு!" பிறகு ஞானம்மாளைப் பார்த்து, "வாசல்ல ஒரு அம்மா நின்னு கூப்பிட்டுக் கிழங்கும் குடுத்தாங்க. நான்தான் யாருன்னு கேக்கல" என்றார்.

அதற்குப் பின் ஐந்து மாதங்கள் இருந்தார். அந்த ஐந்து மாதமும் அவர் முகத்தில் இருந்த நிறைவைப் பார்த்தவர்கள் நோயாளி என்று சொல்லமாட்டார்கள். ஸ்பெயின் வழியாக வீடு திரும்ப எத்தனை நாளாகும் என்று என்னைக் கணக்குப் போடச் சொல்வார். போட்டுக் காட்டினால், "எதுக்கும் சாமியார்கிட்ட ஒரு தடவை காட்டிக்கிறேன்" என்பார்.

வரைபடத்தை ஞானம்மாள் வைத்துக்கொண்டிருக்கிறார். பச்சைச் சைக்கிள் என் வீட்டில் நிற்கிறது. மாதம் ஒருமுறை அதற்கு எண்ணெய் போடப்படும். நோட்டும் என்னிடம்தான். கணக்குத் தெரிந்த அன்று மாலை அவர் பென்சில் கேட்டு வாங்கி அந்தப் பக்கத்தைத் திறந்தார். "குறிப்பிட ஒன்றுமில்லை" என்பதை அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. பக்கத்திலேயே சின்ன எழுத்தில் எழுதினார்: "வந்து சேர்ந்தோம்."