பினஃபோர் பெல்ட்

அம்மாவின் பழைய படகு மோட்டாருக்கு இப்போது உதிரிச் சாமான் எங்கும் கிடைப்பதில்லை. ஆறு மாதம் தேடிச் சேர்த்துப் பூட்டினேன். தம்போயில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில், தண்ணீர் டிரம்மில் அதை மாட்டி, எண்ணெய் கலந்த பெட்ரோலை ஊற்றினேன். அந்த வாடை என்னை ஆற்றுத்துறைக்கே இழுத்துப்போனது.

அப்பா இறந்தபின் அம்மாதான் ஆற்றுவழியே கடலுக்குப் படகெடுத்து மீன் பிடித்தார். பெண் தொட்டால் மோட்டாருக்கு ஆகாதென்று, துறையிலிருந்த ஆண்கள் ஒருநாள் ஸ்டார்ட் கயிற்றை ஒளித்துவைத்தார்கள்.

"கயிறு இல்லாம என்னா செய்வ? வீட்டுக்குப் போ லா," என்று சிரித்தான் ஒருவன்.

அம்மா என் பக்கம் திரும்பினார். பள்ளிக்குக் கிளம்பித் துறையில் நின்ற என் சீருடைப் பினஃபோரின் துணி பெல்ட்டை உருவினார். முனையில் முடிச்சுப் போட்டு, மோட்டார் சக்கரத்தின் பள்ளத்தில் மாட்டிச் சுற்றினார். மூன்றாவது இழுப்பில் மோட்டார் உறுமியது. புகையெல்லாம் அவர்கள் முகத்தில்.

"பெல்ட் எங்க?" என்றார் அன்று பள்ளியில் டீச்சர்.

"அம்மா கடலுக்குக் கொண்டுபோயிட்டாங்க, டீச்சர்."

வெயிலில் நிறுத்தினார். தலை குனியாமல் நின்றேன்.

"இழுக்கக் கயிறுகூட இல்ல. பழைய இரும்புக்குப் போட்டுடுக்கா," என்றான் இப்போது டிரம்மருகே நின்ற என் தம்பி.

கைப்பையின் துணி வாரைக் கழற்றி முடிச்சுப் போட்டேன்.

"தள்ளி நில்லுடா. புகை வரும்."