வார்டு டீயைப் புகழ்ந்த காலை

எங்கள் வார்டு டீயை யாரும் புகழ்ந்ததில்லை. நானே குடிக்க மாட்டேன். ஆனாலும் எட்டாம் கட்டில்காரர் அதைத் திட்டும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேமரன் மலைத் தோட்டத்து டீ ஃபேக்டரியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சலோடு வந்து படுத்திருந்தார்.

"மிஸ்ஸி, இது டீயா? சுடுதண்ணிக்கு இலையைக் காட்டிட்டு எடுத்துட்டாங்களா?"

இங்கே மலேசியாவில் நர்ஸ்களை எல்லாரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். இவர் கூப்பிட்டால் மட்டும் எனக்குத் தலை வலிக்கும். "அங்கிள், இது ஆஸ்பத்திரி லா, ஹோட்டல் இல்ல" என்பேன். காய்ச்சலும் பிரஷரும் பார்த்துவிட்டு ஓடிவிடுவேன். மூச்சை எண்ண ஒரு நிமிஷம் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்த ஒரு நிமிஷத்தில் அவர் ஒன்பது குறை சொல்வார். அதனால் எண்ணாமலே, நல்ல மூச்சுக்குரிய பதினெட்டைச் சார்ட்டில் போட்டுவிடுவேன். இத்தனை வாயடிக்கிறவருக்கு மூச்சுக்கு என்ன கேடு!

மூன்றாம் நாள் காலை டீ வந்தது. அவர் திட்டவில்லை.

"நல்லாருக்கு மிஸ்ஸி."

அப்பாடா, ஒரு வழியாக வழிக்கு வந்தார் என்று குஷியாகப் பதினெட்டு போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். அங்கே பிரஷர் பட்டையைச் சுற்றும்போதுதான் உறைத்தது. அந்த டீயா நல்லாருக்கு?

திரும்பி ஓடினேன். கோப்பை நிறைய டீ ஆடை கட்டிக் கிடந்தது. போர்வை ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து எண்ணினேன். முப்பத்திரண்டு. விரல்கள் சில்லிட்டிருந்தன. "டாக்டர், எட்டாம் கட்டில், சீக்கிரம்!" என்று நான் கத்தியதில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. ஆக்ஸிஜன் வைத்தோம். டாக்டர் மருந்தை மாற்றினார். மதியத்துக்குள் ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு இறங்கியது. சார்ட்டில் பதினெட்டை அடித்து, பக்கத்தில் முப்பத்திரண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் பிழைக்க வேண்டுமே என்று இரண்டு வாரம் சாமியைத் தொல்லை செய்தேன்.

ஒரு நாள் கையில் ஃபிளாஸ்க்கோடு வார்டு வாசலில் வந்து நின்றார். "நீ மட்டும் கண்டுபிடிக்கலன்னா நான் போயே போயிருப்பேன் மிஸ்ஸி."

அந்தப் பாராட்டு எனக்குத் தாங்கவில்லை. "அங்கிள், அன்னிக்கு மொதல்ல நான் மூச்சை எண்ணவே இல்ல. சும்மா எழுதிட்டேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றினார்.

"நான் மட்டும் அந்த டீயைக் குடிச்சுப் பார்த்தா சொன்னேன்? பேச மூச்சு வரல, நீ போனாப் போதும்னு நல்லாருக்குன்னுட்டேன் லா. இந்தா, நீயாவது குடிச்சிட்டுச் சொல்லு."