தண்ணீர் வந்த பிறகும் இருந்த சாலை

காலை ஐந்து நாற்பது. முதலில் கண்ணில் பட்டவை மீன்கள். எங்கள் ஆற்றில் கடல் மீன்கள் மிதந்துகொண்டிருந்தன. சங்கரா, மத்தி, இடையிடையே காலா. புதுத் தண்ணீர் அள்ளிக்கொண்டு வரும் நுரைக்கும் சருகுக்கும் நடுவே வயிற்றைக் காட்டிக்கொண்டு, மெதுவாகச் சுழன்று, கிழக்கே போயின.

புதுத் தண்ணீரைப் பார்க்கத்தான் போயிருந்தேன். மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, எங்கள் ஆற்றுக்கு வந்துசேரச் சில நாட்கள் ஆகும். தண்ணீர் நீடாமங்கலத்தைத் தாண்டிவிட்டது என்று முந்தின நாள் மாலையே பேச்சு வந்துவிட்டது. ஜூன் மாதத்தில் எங்கள் பக்கம் எல்லாரும் ஒரு தடவையாவது கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்ட எனக்கும் அது பழக்கமாகிவிட்டது.

மீன்களுக்குப் பிறகுதான் வேனைப் பார்த்தேன். குட்டியானை என்று சொல்கிறோமே, அந்தச் சின்ன லோடு வண்டி. முன்பக்கம் முழுக்கத் தண்ணீருக்குள். பின்பக்கம் மட்டும் சாய்ந்தபடி மேலே தெரிந்தது. ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தெர்மாகோல் பெட்டி ஒன்று கரையோர நாணலில் மாட்டி நின்றது.

எனக்கு முன்பே அங்கே வந்திருந்தவர் எங்கள் தெரு டிராக்டர்காரர். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். இன்னும் இரண்டு பேர் கயிற்றைப் பிடித்தார்கள். முன்பு மணல் அள்ளிய குழி ஒன்று அந்த இடத்தில் உண்டு. வண்டியின் மூக்கு அதற்குள் போயிருந்தது. ஓட்டியவரை வெளியே கொண்டுவந்து கரையில் கிடத்தியபோது உயிர் இல்லை. நாற்பது வயது இருக்கும். கழுத்தில் கயிறு கட்டிய பிளாஸ்டிக் உறை. கடலுக்குப் போகிறவர்கள் போன் நனையாமல் இருக்க மாட்டிக்கொள்வது. போனின் திரை அதற்குள் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

டிராக்டர்காரர் அதை என்னிடம் திருப்பிக் காட்டினார். மேப் திறந்திருந்தது. நீல நிறத்தில் ஆறு. ஆற்றின் குறுக்கே, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு, வளைவில்லாமல் ஒரு சாலை.

அப்படி ஒரு சாலை கிடையாது என்று சொல்லிவிட முடியாது. அதுதான் சிக்கல். ஜனவரி கடைசியில் மேட்டூரை மூடுவார்கள். பிறகு மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி, ஆறு வெறும் மணல். பாலம் கீழே வெகுதூரத்தில் இருக்கிறது. சுற்றிக்கொண்டு போக யாருக்கும் பொறுமை இல்லை. கரையை டிராக்டரால் சரித்து இரண்டு பக்கமும் இறக்கம் போடுவோம். கொஞ்சம் கிராவல் கொட்டுவோம். டயர் புதையாமல் இருக்க மணலில் வைக்கோலும் தென்னை மட்டையும் பரப்புவோம். நான்கு மாதம் நெல் மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகள், பைக், கல்யாண வேன் எல்லாம் அதில்தான். தண்ணீர் வந்ததும் அது போய்விடும். யாரும் அறிவிப்பதில்லை, தடுப்பும் வைப்பதில்லை. ஆறு தெரியாதவன் எவன் இந்தப் பக்கம் வரப்போகிறான் என்பதுதான் எங்கள் எண்ணம். எத்தனையோ காலமாக அந்த எண்ணம் சரியாகவே இருந்தது.

இறந்தவர் நாகூருக்குத் தெற்கே ஒரு கடலோர ஊர்க்காரர். படகு வேலையில் இருந்தவர், பிறகு சொந்தமாக வேன் வாங்கி மீன் வியாபாரம் செய்தார். மெயின் ரோட்டைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. அன்றைக்கு அக்கரையில் ஒரு கல்யாண வீட்டுக்கு மீன் கேட்டிருந்தார்கள். புது இடம். மேப் வழி காட்டியது. இருட்டு பிரியாத நேரம், கிராவல் போட்ட இறக்கம், விளக்கு வெளிச்சத்தில் செம்மண் கலங்கலாய்த் தண்ணீர். மழை பெய்த ரோடு என்று நினைத்திருக்கலாம். அவர் என்ன நினைத்தார் என்று சொல்ல ஆள் இல்லை.

மேப்பில் அந்தச் சாலையைப் போட்டது யார் என்று டீக்கடையில் இரண்டு நாள் பேச்சு ஓடியது. ஊர்ப் பெண் ஒருத்தி சென்னையில் மென்பொருள் கம்பெனியில் இருக்கிறாள். அவளுடைய அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார். யாரும் உட்கார்ந்து வரைந்திருக்க வேண்டும் என்பதில்லை, கோடை முழுக்க உங்கள் பையில் இருக்கும் போன்கள் அந்த வழியாகப் போய் வந்ததை வைத்து மெஷினே சாலை என்று முடிவு கட்டியிருக்கும் என்றாள். நிச்சயமாகத் தெரியாது, கம்பெனி சொன்னால்தான் உண்டு என்றும் சொன்னாள்.

கடைக்காரர் டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "பாலம் கட்டித் தாங்கன்னு நம்ம தாத்தா காலத்துலேர்ந்து மனு குடுத்துட்டு இருக்கோம். இவன் கேக்காமயே ரோடு போட்டுக் குடுத்துட்டான் பாருங்க."

இரண்டு பேர் சிரித்தார்கள். டிராக்டர்காரர் சிரிக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து இறந்தவருடைய மனைவி, தன் அண்ணனோடு எங்கள் ஊருக்கு வந்தார். அந்த இடத்தைக் காட்டும்படி கேட்டார். காட்டினேன். அதற்குள் ஆறு இருகரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. இறக்கத்தின் மேல்முனை மட்டும் தெரிந்தது. கரையில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். அழவில்லை. அவருடைய ஊரில் கணவன் குடித்துவிட்டு வண்டியை ஆற்றில் விட்டான் என்று பேசிக்கொள்கிறார்களாம். மூத்த மகளிடம் பள்ளிக்கூடத்திலேயே யாரோ கேட்டிருக்கிறார்கள். பிரேதப் பரிசோதனையில் மது இல்லை என்றுதான் வந்திருந்தது. அதை எத்தனை பேரிடம் எடுத்துக் காட்ட முடியும்?

"கடல்ல பொறந்து வளர்ந்தவரு சார். தண்ணிய பாத்தா தண்ணின்னு தெரியாதா அவருக்கு? ரோடுன்னு காட்டுனதாலதான எறங்குனாரு. காட்டுனது தப்புன்னு அவங்க வாயால ஒரு வார்த்தை சொல்லணும். எனக்கு வேற எதுவும் வேணாம்."

பத்திரிகையில் இருந்தவர் என்று யாரோ சொல்லித்தான் என்னைத் தேடி வந்திருந்தார். சொல்ல வைக்க முடியும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. முயற்சி செய்யலாம் என்றேன்.

முதலில் மேப்பிலேயே புகார் செய்து பார்த்தோம். என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவருடைய அண்ணன் போனில் தட்டினார். அந்தச் சாலையை அழுத்தினால், என்ன பிரச்சினை என்று கேட்டுச் சில விடைகள் வருகின்றன. பெயர் தவறு. ஒருவழிப் பாதை. சாலை மூடப்பட்டுள்ளது. சாலையே இல்லை. இங்கே ஒருவர் இறந்துவிட்டார் என்பதற்கு இடம் இல்லை. சாலையே இல்லை என்பதை அழுத்தினார். உங்கள் பங்களிப்புக்கு நன்றி என்று உடனே பதில் வந்தது. சில நாள் கழித்து இன்னொன்று: நீங்கள் சொன்ன மாற்றத்தை எங்களால் உறுதிசெய்ய முடியவில்லை. ஊரில் பலரும் அதையே செய்தார்கள். எல்லாருக்கும் அதே பதில்.

கம்பெனியின் இந்திய அலுவலக முகவரிக்குப் பதிவுத் தபால் அனுப்பினோம். ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. வட்ட முத்திரை இருந்தது, கையெழுத்துக் கிறுக்கல் இருந்தது, பெயர் இல்லை. நெடுநாள் கழித்து ஒரு வக்கீல் நிறுவனத்திலிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. துயரத்தில் பங்குகொள்கிறோம். மேப்பை நடத்துவது வெளிநாட்டில் உள்ள வேறு நிறுவனம், இந்திய நிறுவனம் விளம்பர வியாபாரத்தை மட்டுமே பார்க்கிறது. மேப் வழிகாட்டுவதற்கு மட்டும். கண்ணெதிரே உள்ள நிலைமையைப் பார்த்து ஓட்டுவது பயன்படுத்துகிறவரின் பொறுப்பு. இதற்கு அவர் முன்பே சம்மதம் தெரிவித்திருக்கிறார்.

இறந்தவரின் மனைவிக்கு அதைத் தமிழில் சொன்னேன். "சம்மதம்னு எப்ப சொன்னாரு?" என்று கேட்டார். போன் வாங்கிய அன்றைக்கு ஏதோ ஒன்றை அழுத்தியிருப்பார் என்றேன். அப்படிப் பார்த்தால் நானும் அழுத்தியிருக்கிறேன், இதைப் படிக்கிற நீங்களும்.

பத்திரிகையில் எழுத வைக்கலாம் என்று பழைய நண்பர் ஒருவரைப் பார்த்தேன். இப்போது செய்தி ஆசிரியராக இருக்கிறார். விபத்துச் செய்தி ஏற்கெனவே ஒரு பத்தி வந்திருந்தது, ஆற்றில் வேன் கவிழ்ந்து மீன் வியாபாரி பலி என்று. நிருபர் மேப்பைப் பற்றியும் எழுதியிருந்தாராம். அந்த வரியை எடுத்தது நண்பரேதான். யாரும் எடுக்கச் சொல்லவில்லை, அதை அவரே தெளிவுபடுத்தினார். "நம்ம செய்திய இன்னிக்கு ஜனங்க அதே கம்பெனி வழியாத்தான் தேடிப் படிக்கிறாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? அவங்க கொஞ்சம் கீழ தள்ளிட்டா போதும், நாம இருக்கறதே யாருக்கும் தெரியாது. எதுக்கு வம்பு?" நான் வேலையில் இருந்த காலத்தில் மந்திரி வீட்டிலிருந்து போன் வரும். மிரட்டுகிறவருக்கு ஒரு குரல் இருக்கும், பதிலுக்கு நாமும் ஏதாவது சொல்லலாம். இங்கே போனும் வரவில்லை. வரவேண்டிய தேவையும் இல்லை.

கடைசியாகக் காவல் நிலையம். இறந்த அன்றே சந்தேக மரணம் என்று பதிவு செய்திருந்தார்கள். அந்தப் பெண் இப்போது முறையாகப் புகார் கொடுத்தார். நானும் கூடப் போயிருந்தேன். தப்பான வழியைக் காட்டியவர்கள் மீது நடவடிக்கை வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, எழுத்தர் எழுதினார். படித்துக் காட்டினார்கள். சாலை இல்லாத இடத்தில் சாலை போல அமைத்து என் கணவரின் சாவுக்குக் காரணமானவர்கள் என்று அதில் இருந்தது. சரிதானே என்று கேட்டார்கள். சரிதான் என்று கையெழுத்துப் போட்டார். அந்த வாக்கியத்தில் எனக்கும் தவறு தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். "கம்பெனிய விசாரிக்கணும்னு சொல்றீங்க, சரி. யாருக்கு சார் சம்மன் அனுப்பறது? இந்த மாவட்டத்துல அவங்களுக்கு ஒரு ஆபீஸ் இருக்கா, ஒரு போர்டு இருக்கா, ஒரு வாட்ச்மேனாவது இருக்காரா?" தினமும் குற்றவாளிகளைத் தேட அவரும் அதே மேப்பைத்தான் பார்க்கிறார். மேசை மேல் அவருடைய போனில் அது திறந்திருந்தது.

சில வாரம் கழித்து ஊருக்கு இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். புகாரில் சாலை போல அமைத்து என்றிருந்ததைச் சொல்லி, ஆற்றங்கரையை அனுமதி இல்லாமல் சரித்தது யார் என்று விசாரித்தார்கள். ஊர் முழுக்கச் சேர்ந்து செய்கிற வேலை அது. கிராவல் ஒருவர் கொடுப்பார், மட்டை ஒருவர் கொடுப்பார், டீசலுக்கு எல்லாரும் போடுவார்கள். பஞ்சாயத்துக்கும் தெரியும், ஆற்றைப் பார்த்துக்கொள்கிற லஸ்கருக்கும் தெரியும். அன்று யாரும் வாயைத் திறக்கவில்லை. யார் வண்டி என்று கேட்டார்கள். டிராக்டர்காரர் முன்னால் வந்து, "என் வண்டிதாங்க," என்றார்.

அவருடைய அப்பா பண்ணையில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். இவர் குத்தகைக்கு எடுத்து, பிறகு கொஞ்சம் நிலம் வாங்கி, டிராக்டரும் வாங்கியவர். காவல் நிலையத்தின் வாசலை அதுவரை மிதித்ததில்லை. கைது செய்து, மறுநாள் ஜாமீனில் விட்டார்கள். வண்டியை நிலையத்து வளாகத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். அந்தச் சம்பா பருவத்துக்கு ஊரில் வாடகை வண்டி வைத்துத்தான் உழுதார்கள்.

கோர்ட்டில் ஒரு வாய்தாவுக்கு நானும் போனேன். வராந்தாவில் இரண்டு தரப்பும் ஒரே பெஞ்சில்தான் உட்கார வேண்டியிருந்தது, வேறு பெஞ்ச் இல்லை. அந்தப் பெண் நடுவே பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"உங்க மேல கேஸ் போடச் சொல்லி நான் கேக்கலண்ணே."

"தெரியும்மா."

"நான் வேற ஆளுங்களத்தான் சொன்னேன்."

"அவங்கள எங்க போயி தேடுவாங்க? நான் கைக்கு எட்டுற தூரத்துல இருந்தேன், அவ்வளவுதான்." பிறகு, "தண்ணியில எறங்கறப்ப கதவு தெறக்க வரலம்மா. ரெண்டு மூணு தரம் பாத்தேன்," என்றார்.

"சொன்னாங்கண்ணே," என்றார் அந்தப் பெண்.

புகாரைத் திரும்பப் பெறலாமா என்று வக்கீலிடம் அவர் கேட்டார். இது சமாதானமாகப் போகக்கூடிய பிரிவு இல்லை, அரசாங்கம் நடத்துகிற வழக்கு, இனி உங்கள் கையில் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார் வக்கீல். மகளிடம் என்ன சொல்வது என்று என்னிடம் ஒருமுறை கேட்டார்.

இந்த வருஷம் மேட்டூரை மூடியபின் யாரும் இறக்கம் போடவில்லை. பொதுப்பணித் துறை கரையில் இரும்புக் குழாயை நட்டு, சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறது. பைக்குகள் பக்கத்தில் வேறொரு இடமாகப் பார்த்து இறங்கிப் போகின்றன.

போன மாதம் குற்றப்பத்திரிகையின் நகல் கிடைத்தது. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், ஒருவர்தான்: டிராக்டர்காரர். அரசுத் தரப்பின் முதல் சாட்சி, இறந்தவரின் மனைவி.