நாடி பார்த்த விரல்கள்

எங்கட நெடுந்தீவில பிள்ளை பெறுகிற நாள் கிட்டினால், நோ வரும்வரைக்கும் காத்திருக்க ஏலாது. முன்னமே கடல் தாண்டி யாழ்ப்பாணத்தில சொந்தக்காரர் வீட்டில போய் நிற்கவேணும். எனக்கு ஒன்பதாம் மாதம் பிறந்திட்டுது. பெட்டி கட்டி வாசலில வைச்சாச்சு. என்ர மனுசனோ விடியவெள்ளன துறைக்குப் போறார், வாறார், "காத்துக் கடுமை. நாளைக்குப் போவம்" எண்டுறார். நோயாளரைப் படகில கொண்டுபோற அம்புலன்ஸ் உதவியாளர் அவர். அவருக்குக் கடலைப் பற்றி நான் என்னத்தைச் சொல்ல? ஒவ்வொருநாளும் பெட்டியைத் திரும்ப உள்ளுக்கு இழுத்தன்.

கடைசியில எனக்கு விசர் வந்திட்டுது. வயித்தைத் தள்ளிக்கொண்டு துறைக்கு நானே போனன். கடல் குளத்துத் தண்ணி மாதிரிக் கிடக்குது!

"என்ன அண்ணை, என்ர காதில பூச் சுத்துறாரே இவர்?"

படகோட்டி அண்ணை தலையைச் சொறிஞ்சார். "உமக்குச் சொல்லேல்லையே தங்கச்சி? கர்ப்பிணிப் பிள்ளை ஒண்டு படகில இவற்ற கையைப் பிடிச்சபடியே செத்துப்போச்சு. அண்டைக்கும் கடல் இப்பிடித்தான் கிடந்தது. அதுக்குப் பிறகு ஆள் படகில கால் வைக்கேல்லை. ஆஸ்பத்திரி வாட்டில வேலையை மாத்திக்கொண்டு நிக்கிறார்."

நித்திரையில அவர் என்ர மணிக்கட்டைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கிறதை ஆசையாக்கும் எண்டு நினைச்சு எனக்குள்ள சிரிச்சனான். மடைச்சி! மனுசன் நாடி பார்த்திருக்கிறார்.

"அப்ப நான் தனியப் போறன்" எண்டு வீட்டில கத்தினன். அவர் பெட்டிக்கு மேல ஏறி இருந்திட்டார். எனக்கு வயிறு இறுகி இறுகி விட, அந்தப் பிள்ளைக்கும் இப்பிடித்தான் தொடங்கியிருக்குமோ எண்டு பயந்துபோனன்.

இழுக்காத குறையாக அவரை எங்கட தீவு ஆஸ்பத்திரி டொக்டரம்மாவிட்டக் கூட்டிக்கொண்டு போனன். "காய்ச்சல் மாதிரி இதுவும் ஒரு வருத்தம், கோழைத்தனம் இல்லை. கதைச்சு மாத்திற ஆக்கள் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில இருக்கினம்" எண்டா. அதுவும் கடலுக்கு அங்கால! போறதுக்கிடையில போனில கதைக்க ஒழுங்கு செய்து தந்தா. அவையள் சொன்னபடி, கட்டிக்கிடந்த படகில பின்னேரங்களில ரெண்டுபேரும் போய் இருந்தம். முதல் எஞ்சின் இல்லாமல். பிறகு எஞ்சினைப் போட்டு. வேர்த்து ஒழுகும் அவருக்கு. "இறங்குவம்" எண்டுவார். "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" எண்டுவன். எனக்கெண்டால் நாள் ஓடுதே எண்ட பயம்!

ஒருநாள் காலமை அவரே பெட்டியைத் தூக்கினார்.

படகு கரையை விட்ட உடன என்ர மணிக்கட்டில விரலை வைச்சார். நடுக்கடல் வந்தும் எடுக்கேல்லை.

"நாடி இருக்கே?" எண்டன்.

"ஓம்... நீர் நல்லா இருக்கிறீர்."

"அப்ப உங்கடையையும் ஒருக்காப் பாருங்கோவன்."

அந்த விரலைப் பிடிச்சு அவற்ற மணிக்கட்டிலயே வைச்சன். குனிஞ்சு கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விம்மினார். "எனக்கும் ஓடுதப்பா" எண்டார்.