நோராவுக்கு வலது கை

காக்ஸ் டவுனில் கிளெமென்ட்டின் வீட்டுக்குள் நுழைகிறவர்கள் தலையைக் குனிந்துதான் நுழைய வேண்டும். போர்ட்டிகோ முழுக்கக் கம்பியில் ஆர்க்கிட் தொட்டிகள் தொங்கும். எல்லாம் அவர் மனைவி நோரா வளர்ப்பவை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தபோதே ஒன்றிரண்டாக வாங்கிச் சேர்த்தார். ஓய்வு பெற்ற பிறகு அவை வீட்டையே வளைத்துக்கொண்டன. கிளெமென்ட் நல்ல உயரம். அந்தச் செடிகளோடு அவருக்கிருந்த ஒரே உறவு, நெற்றியில் இடித்துக்கொள்வதுதான்.

அவர் வாழ்நாளெல்லாம் ஒரு தொழிற்சாலையில், செய்து முடித்த பாகங்களைச் சோதிக்கும் பிரிவில் இருந்தவர். உருக்கில் ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் தள்ளிவிடுவார். செடி கொடியெல்லாம் அவருக்குக் கணக்கில் வராத சமாச்சாரம். இஷ்டப்பட்டால் பூக்கும், இல்லாவிட்டால் இல்லை என்றால் அதை எதை வைத்து அளப்பது?

மே மாதத்து முதல் மழையில் நோரா மாடிப்படியில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, கையைக் கழுத்தோடு தூளி கட்டி அனுப்பினார்கள். ஆட்டோவில் திரும்பும்போது, வலிக்கிறதா என்று கிளெமென்ட் கேட்டார். நோராவின் நினைப்பு வேறெங்கோ இருந்தது.

"தொட்டி மாத்துற நேரம் இது. புது வேர் விட ஆரம்பிச்சிருச்சு. இப்ப விட்டா ஒரு வருஷம் போச்சு."

"யாராவது ஆள் வெச்சுப் பண்ணிக்கலாம், நோரா."

"ஆள் எதுக்கு? நீங்கதான் சும்மா இருக்கீங்களே."

மறுநாளே வேலை ஆரம்பமானது. நோரா பிரம்பு நாற்காலியில் அமர்ந்துகொண்டார். கிளெமென்ட் தரையில் பழைய சாக்கை விரித்து உட்கார்ந்தார். பக்கத்தில் கரித்துண்டு ஒரு வாளி, தேங்காய் மட்டைத் துண்டு ஒரு வாளி, உடைத்த செங்கல் ஒரு வாளி. மண் எங்கே என்று தேடினார் அவர்.

"மண்ணே கிடையாதுங்க இதுக்கு. மரத்துல ஒட்டி வளர்ற ஜாதி. வேருக்குக் காத்துதான் வேணும்."

தொட்டியைத் தண்ணீரில் ஊறவைத்துச் செடியைக் கழற்றியபோது, வேர்கள் இடியாப்பச் சிக்கலாக வெளியே வந்தன. நோரா சொல்லச் சொல்ல அவர் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. கொழகொழவென்று நசுங்கினால் அழுகல், வெட்டலாம். அது அவருக்குப் பிடித்துப் போயிற்று. சோதித்துத் தள்ளுவது தெரிந்த வேலையாயிற்றே. உற்சாகத்தில் நல்ல வேர் இரண்டையும் சேர்த்துக் கத்தரித்துவிட்டார்.

"பேடா, பேடா!" நோரா பதறினால் வேண்டாம் என்பதுகூட முதலில் கன்னடத்தில்தான் வரும். "அது நல்ல வேர்!"

புதுத் தொட்டியில் மட்டையைக் குத்திக் குத்தி இறுக்கினார். "சட்னி மாதிரி இடிக்காதீங்க, காத்து போகணும்," என்றார் நோரா. தளர்த்தினால் செடி சாய்ந்தது. கடைசியில் குச்சி நட்டு, நூலால் கட்டி, ஒருவழியாக நிமிர்த்தினார்கள்.

பிரச்சினை அடுத்த வாரம் வந்தது. தொட்டிக் கம்பிகளில் எறும்புச் சாரை. இலை தண்டோடு சேரும் இடுக்குகளில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளை வெள்ளையாக ஏதோ. வீட்டில் பவுடர் கொட்டியிருக்கும் என்று நினைத்து கிளெமென்ட் ஊதிப் பார்த்தார். போகவில்லை.

"மாவுப்பூச்சி," என்றார் நோரா. "எறும்புதான் இதைத் தூக்கிட்டு வரும். ஸ்பிரிட்டைக் காது குடையுற பட்ஸ்ல தொட்டு ஒவ்வொண்ணா எடுக்கணும். அப்புறம் சோப்புத் தண்ணி. வெயில் இறங்கினதும் பண்ணுங்க."

மூன்று செடி செய்வதற்குள் கிளெமென்ட்டுக்கு முதுகு விட்டுப்போனது. மறுநாள் மதியம் நோரா உள்ளே படுத்திருந்தார். இந்த வேகத்தில் போனால் பூச்சி பேரன் பேத்தி எடுத்துவிடும் என்று கிளெமென்ட்டுக்குத் தோன்றியது. தெளிப்பானில் ஸ்பிரிட்டை அப்படியே ஊற்றி, உச்சி வெயிலில், எல்லாச் செடிக்கும் பீய்ச்சிவிட்டார். அரை மணியில் வேலை முடிந்தது. திருப்தியாகக் காபி குடித்தார்.

இலைகளில் கரும்படை விழ அதிக நாள் ஆகவில்லை. பட்டாம்பூச்சி போல வெள்ளையாகப் பூக்கும் ஒன்றின் குருத்து இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. கிளெமென்ட் அதைத் தட்டில் வைத்து நோராவிடம் கொண்டுபோய், நடந்ததைச் சொன்னார்.

நோராவின் முகம் சிவந்தது. "இந்த ஜாதிக்கு ஒரே குருத்துதான். அது போனா செடியே போச்சு. அவசரம், எல்லாத்துலயும் அவசரம்! தள்ளிவிட்டே பழகின கை உங்களுது."

அன்று இரவுச் சாப்பாட்டில் ஒற்றை இடது கையால் நோரா சப்பாத்தியைப் பிய்க்கத் தடுமாறினார். கிளெமென்ட் தட்டை இழுத்து, துண்டு துண்டாகப் பிய்த்துத் திருப்பி வைத்தார். நோரா சாப்பிட்டார். ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை.

காலையில் நோரா எழுந்து வந்தபோது கிளெமென்ட் ஏற்கெனவே போர்ட்டிகோவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். தொழிற்சாலையில் பயன்படுத்திய சின்ன பூதக்கண்ணாடி கண்ணில் இருந்தது. ஓர் இலையைத் திருப்பி, நரம்பு நரம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க வா நோரா. இதுக்குக் காலெல்லாம் இருக்கு! குட்டிங்க இலைக்கு அடியில ஒளிஞ்சிருக்கு. மேலால துடைச்சா எப்படிப் போகும்?"

நோரா நாற்காலியை அருகே இழுத்துப் போட்டார். "அந்தப் பக்க உறையை உரிச்சுப் பாருங்க. காஞ்ச தோலுக்குள்ளதான் கூடு கட்டும்," என்றார். உரித்தார். இருந்தது. இருவரும் ஒரே சமயத்தில் "சீ!" என்றார்கள். அதற்குப் பிறகு நோரா பழையபடி பேச ஆரம்பித்தார்.

அந்த மழைக்காலம் முழுவதும் காலைப் பொழுது அப்படியே கழிந்தது. குருத்துப் போன செடி பிழைக்கவில்லை. இன்னும் இரண்டும் போயின. மற்றவை கரும்படையோடு தேறின. பக்கத்து வீட்டுச் சரளா தன் செம்பருத்தியில் பூச்சி என்று கூப்பிட்டபோது, கிளெமென்ட் டாக்டர் போலப் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

மாவுக்கட்டைப் பிரித்த பிறகு நோரா செய்த முதல் காரியம், கிளெமென்ட் நட்டதில் ஒன்றைக் கழற்றியது.

"எதுக்கு எடுக்கிற? நல்லாத்தானே இருக்கு!"

"இறுக்கமா இருக்குங்க."

"கரெக்டா இருக்கு. நான் நட்டது. கை வெக்காதே."

பெரிய வாக்குவாதமே நடந்தது. அதன் முடிவில் போர்ட்டிகோ பங்கு பிரிக்கப்பட்டது. கேட் பக்கத்துக் கம்பி நோராவுக்கு, ஜன்னல் பக்கத்துக் கம்பி கிளெமென்ட்டுக்கு. கிறிஸ்துமஸ் சமயத்தில் இரண்டு பக்கமும் பூத்தன. நோரா பக்கம்தான் அதிகம். சர்ச்சிலிருந்து கேரல் பாட வந்தவர்கள் பூக்களைப் பார்த்து வாய் பிளந்தார்கள். கிளெமென்ட்டோ அவர்களில் ஒருவரைத் தோளைப் பிடித்து நிறுத்தி, இலையைத் திருப்பி, மாவுப்பூச்சி எங்கே முட்டையிடும் என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அவரைக் கேக் சாப்பிட விடுங்க," என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார் நோரா.