பக்கத்துக் கதிரை

எங்கள் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் மன்றத்துக்கு ஆள் சேர்ப்பது ஒரு பெரிய வேலையே இல்லை. ஒக்டோபரில் மேசை போட்டு ஒரு தட்டு ரோல்ஸ் வைத்தால் போதும், வரிசையில் நின்று பெயர் எழுதிவிட்டுப் போவார்கள். டிசம்பரில் நத்தார் வருவதற்குள் அதில் பாதிப் பேரைக் காணக் கிடைக்காது. அதனால் இந்த முறை புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் பழைய ஆள் ஒருவரைத் துணையாகப் போட்டார்கள். நானும் கை உயர்த்தினேன். சேவை மனப்பான்மை என்று நினைத்துவிடாதீர்கள். பீலெஃபெல்டில் அம்மா அப்பாவை விட்டு ஹம்பேர்க் வந்து இரண்டு வருடமாகியும், மதியம் கூட இருந்து சாப்பிட எனக்கு ஒரு ஆள் இல்லை. மன்றத்தில் எல்லோருக்கும் என்னைத் தெரியும். ஒருவரும் என்னைத் தேடுவதில்லை.

எனக்குக் கிடைத்தவள் இரசாயனவியல் முதலாம் செமஸ்டர். அவளும் வேறு நகரத்திலிருந்து தனியே வந்தவள். புதன்கிழமைகளில் மென்சா என்கிற பல்கலைக்கழகச் சாப்பாட்டுக்கூடத்தில் ஜன்னலோரம் இருந்து, பக்கத்துக் கதிரையில் என் பையை வைத்து அவளுக்கு இடம் பிடிப்பேன். சாப்பாட்டுத் தட்டோடு வந்து, “அக்கா, இண்டைக்கும் உருளைக்கிழங்கோ?” என்று மூக்கைச் சுளிப்பாள். மூன்றே மூன்று புதன்கிழமைகள். எனக்கோ செவ்வாய்க்கிழமையே சந்தோஷம் தொடங்கிவிடும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான்காவது வாரம் மன்றத்தில் புதியவர்களுக்கு வரவேற்பு. அவள் சுவரோரம் ஒட்டிக்கொண்டு நின்றாள். கலகலப்பாக்குகிறேன் பேர்வழி என்று நான் வாயைத் திறந்தேன்.

“உம்மடை அப்பா ஊரிலை எவடம்?”

“யாழ்ப்பாணம்.”

“அது தெரியுமப்பா. யாழ்ப்பாணத்திலை எவடம்?”

“ரவுணுக்குக் கிட்ட.”

“கிட்ட எண்டால் எந்தப் பக்கம்? சொல்லுமன், எங்கடை அம்மாவுக்கு எல்லா இடமும் தெரியும்.”

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டு அவள் வாயைப் பார்த்தார்கள். அவள் கையிலிருந்த ரோல்ஸை மேசையில் வைத்தாள். “எனக்கு எஸ்-பான் ரெயினுக்கு நேரமாச்சு அக்கா,” என்றாள். ஒரு கடிதான் கடித்திருந்தாள்.

அடுத்த புதன் அவள் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. நான் அம்மாவுக்குப் போன் எடுத்துப் புலம்பினேன். எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணி ஊற்றமுன்னமே அம்மா கேட்கிற கேள்விதானே அது?

அம்மா குசினிக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, “இடத்தைச் சொன்னால் ஆக்கள் சாதியைக் கண்டுபிடிச்சிடுவினம் பிள்ளை. அதுக்குத்தான் கேக்கிறவை,” என்றார்.

“நீங்களும் அதுக்குத்தானோ கேக்கிறனீங்கள்?”

“அடுப்பிலை கறி கிடக்கு, போனை வைக்கிறன்.”

இருபத்திரண்டு வயதுவரை எனக்கு இது தெரியாது. எப்படித் தெரியும்? எங்கள் இடத்தின் பெயரைக் கேட்டு இங்கே ஒருவரும் முகம் மாறியதில்லை. சாதி கீதி ஒன்றும் பார்க்காதவள் என்று பெருமை வேறு பேசித் திரிந்திருக்கிறேன். அறிவு கெட்ட கழுதை!

அவளுக்கு நீளமாக மன்னிப்பு எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. “பரவாயில்லை அக்கா. நீங்கள் தெரியாமல்தான் கேட்டனீங்கள். பக்கத்திலை நிண்டவைக்குத் தெரியும். அங்கை இனி வர எனக்கு ஏலாது.”

‘அங்கை’ என்றுதானே எழுதியிருக்கிறாள், மென்சாவைச் சொல்லவில்லையே என்று நான் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டேன். மன்றத்தில் அவள் பெயரை வெட்டினார்கள். நான் புதன்தோறும் கதிரையில் பையை வைத்தேன்.

போன புதன் அவள் வந்தாள். தட்டோடு நின்று என்னைப் பார்த்தாள், லேசாகத் தலையசைத்தாள். பையை எடுக்கக் கை நீட்டினேன். அவள் என் மேசையைத் தாண்டிப்போய், அந்தக் கோடியில் தனியே இருந்து சாப்பிட்டாள்.

ஒரு ஜெர்மன்காரி வந்து இந்தக் கதிரை காலியா என்று கேட்டாள். ஓம் என்று பையை எடுத்து மடியில் வைத்தேன். அவள் நன்றி சொல்லிவிட்டு, கதிரையைத் தூக்கிக்கொண்டு தன் கூட்டாளிகளின் மேசைக்குப் போய்விட்டாள்.