சித்தப்பா கொண்டுவந்த மரக்கறி

என் ஒன்பதாவது வயதில், அப்பாவின் தம்பி கொழும்பிலிருந்து ஒரு பழைய ஆட்டோவை ஓட்டிக்கொண்டு எங்கள் றப்பர் தோட்டத்து லயம் என்ற வரிசைக் குடியிருப்பின் வாசலில் வந்து இறங்கினார். சித்தப்பா அங்கே பெரிய பலசரக்குக் கடையொன்றில் வேலை செய்தவர். ஆட்டோவின் முன் கண்ணாடியில் அவர் ஒட்டிய பிள்ளையாரும், பின்னால் பழைய சொந்தக்காரர் ஒட்டிவைத்த புத்தரும் இருந்தார்கள். இரண்டையும் அவர் அப்படியே விட்டிருந்தார். வழியில் யார் மறித்தாலும் நமக்காகப் பேச ஓர் ஆள் வேண்டும் என்பது அவர் கணக்கு.

வந்த வாரமே அவர் ஒரு புதுமையை அறிவித்தார். கொழும்பில் பெரிய வீட்டு நோனாமார் யாரும் கடைக்குப் போவதில்லையாம். டெலிபோனில் சொன்னால் போதுமாம், அரிசியும் பருப்பும் வாசல் கேட்டுக்கு வந்து மணியடிக்குமாம்.

"நம்ம லயத்துப் பொம்பளைங்க மட்டும் ஏன் ஞாயித்துக்கெழமயும் நடக்கணும்? வேணுங்கிறத எங்கிட்ட சொல்லுங்க. வாசல்லயே எறக்கிடுறேன்" என்றார்.

வாரம் முழுவதும் இருட்டோடு எழுந்து மரத்துக்கு மரம் பால் வெட்டப் போகிற பெண்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அடுத்த ஞாயிறு லயமே காலை நீட்டிப் படுத்திருந்தது. பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்த அத்தை வெயிலில் உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, சித்தப்பாவுக்கு நல்ல இடத்தில் பெண் அமைய வேண்டும் என்று வாழ்த்தினாள்.

அம்மா மட்டும் தன் வயர்க் கூடையைத் துடைத்து மறுபடி ஆணியில் மாட்டினாள்.

அதற்கு முந்திய ஞாயிறுகளை நினைத்தால் எனக்கு ஒரே ஒரு காட்சிதான் வரும். அம்மா தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை நுனியில் முடிந்து, மாம்பழ நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு, வயர்க் கூடையோடு புறப்படுவாள். ருவான்வெல்லைச் சந்தைக்கு மலையிலிருந்து இறங்கி நடக்க வேண்டும். என்னைக் கூட்டிப்போக மாட்டாள். பாலம் வழுக்கும், வெயில் ஆகாது என்று ஏதாவது சொல்வாள். மாசி மாதம் றப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் காலம். காற்று இல்லாமலேயே இலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று, அவசரமில்லாமல் சுழன்று இறங்கும். அந்தச் சிவப்புக்கு நடுவே மஞ்சள் சேலை சிறுத்துச் சிறுத்து, கடைசியில் ஓர் இலையளவு ஆகி மறையும். கீழே எங்கோ சந்தை என்று ஒரு தேசம் இருக்கிறது, அம்மா வாரம் ஒருமுறை அந்தத் தேசத்துக்குப் போய்வருகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். மத்தியானம் திரும்பி வருகிறவளுடைய முகம் போனவளுடைய முகமாக இருக்காது. மேடு ஏறிய களைப்பே தெரியாது. கூடையின் அடியில் வாழையிலையில் மடித்த தொதல் துண்டு ஒன்று எனக்காக இருக்கும். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் மணக்கும் அதை நாள் முழுவதும் நக்கி நக்கித் தின்பேன்.

சித்தப்பாவின் ஆட்டோவில் அந்தத் தொதல் வரவில்லை. கேட்டதற்கு, சந்தையில் அப்படி யாரும் இலையில் மடித்து விற்கவில்லையே என்று தலையைச் சொறிந்தார்.

வந்தவற்றில் அம்மாவுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. முதல் வாரம் போஞ்சிக்காய் வாடியிருந்தது. அடுத்த வாரம் தேங்காயில் தண்ணீர் இல்லை. அதற்கடுத்த வாரம் கருவாடு.

"இது என்னா தம்பி, உப்ப வாங்கி அதுல மீன ஒட்டிக் குடுத்திருக்கானா?"

"எல்லா வீட்டுக்கும் ஒரே கருவாடுதான் அண்ணி. வேற யாரும் ஒண்ணும் சொல்லலியே."

"அவங்க நாக்கு வேற."

அப்பா அந்தக் கருவாட்டுக் குழம்பை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். "நல்லாத்தானே இருக்கு" என்றார். ஸ்டோரில் றப்பர் சீட்டுகளைப் புகையில் காயவைப்பது அவர் வேலை. எதைச் சாப்பிட்டாலும் அவருக்குப் புகை வாசந்தான் தெரியும் என்று அம்மா முணுமுணுத்தாள். ஞாயிறு காலைகளில் அவள் துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள். கூட்டிய வாசலை மறுபடி கூட்டினாள். கூட்டக் கூட்ட இலை விழுந்துகொண்டிருந்ததால் அது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

எனக்குச் சித்தப்பாவை நினைத்தால்தான் பாவமாக இருந்தது. ஒவ்வொரு வாரமும் எங்கள் வாசலில் பையை வைத்துவிட்டு, பரீட்சை எழுதிய பிள்ளைபோல அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அதனால் நான்காவது ஞாயிறு, எங்கள் வீட்டு மரக்கறியை நானே வந்து பொறுக்குகிறேன் என்று அவரிடம் சொன்னேன். அவரும் ஒத்துக்கொண்டார். அம்மா பின்னால் அடுப்படியில் இருந்த நேரம் பார்த்து, அவளுடைய வயர்க் கூடையை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

அப்படித்தான் அந்தத் தேசத்துக்கு நான் முதன்முதலாகப் போனேன். வெயிலுக்கு மறைப்பாக ஆற்றோரம் வரைக்கும் நீலப் படங்குகளைக் கட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே எல்லாமே நீலமாக இருந்தது. பூசணிக்காய் நீலம், வெற்றிலை நீலம், தராசு பிடித்தவரின் நரைத்த மீசை நீலம். கருவாட்டு வாசமும் பழுத்த பலா வாசமும் தண்ணீர்போல ஒன்றோடொன்று கலந்து ஓடின. குளத்துக்கு அடியில் நடப்பதுபோலக் கைகளை வீசி வீசி நடந்தேன். சித்தப்பா மற்ற வீடுகளின் சாமானுக்காக அரிசிக் கடைப் பக்கம் போக, நான் ஒரு வெண்டிக்காய்க் குவியலின் முன்னால் குந்திக்கொண்டேன். அம்மா செய்வது எனக்குத் தெரியும். நுனியை ஒடிக்க வேண்டும். படக்கென்று ஒடிந்தால் கூடைக்கு, வளைந்தால் குவியலுக்கு.

எதிர்ப்பக்கம் ஒரு பெண்ணும் வெண்டிக்காய் ஒடித்துக்கொண்டிருந்தாள். சிங்களப் பெண்கள் உடுத்துவதுபோலச் இடுப்பில் சீத்தையும் மேலே சட்டையும் உடுத்தியிருந்தாள். கையிலிருந்ததை அப்படியே பிடித்துக்கொண்டு, அவள் முதலில் என் கூடையைப் பார்த்தாள். பிறகு வெகுநேரம் என் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா ஆவெ நெத்த?" என்றாள். அம்மா வரவில்லையா என்று சிங்களத்தில் கேட்கிறாள்.

இனிமேல் அம்மா வரத் தேவையில்லை, சித்தப்பா வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பெருமையாகச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டாள். இல்லை என்றேன். பிறகு அவள் தன் பையிலிருந்த வெண்டிக்காய்களை இரண்டு கைகளாலும் அள்ளி என் கூடையில் போட்டாள். கூடவே வாழையிலைப் பொட்டலம் ஒன்றையும் வைத்தாள். நான் நன்றி சொல்வதற்குள் கூட்டத்தின் நீலத்தில் கலந்துவிட்டாள்.

அன்று மாலை சாப்பாட்டின்போது என் வெற்றியை விவரமாகச் சொல்ல ஆரம்பித்தேன். கூடையைத் தேடிக் காணாமல் அம்மா காலையிலேயே என் மேல் கோபமாக இருந்தாள். வெண்டிக்காயைத் தொட்டுப் பார்த்தபோது அந்தக் கோபம் போயிருந்தது. இப்போது நான் பேசப் பேச அவள் முகத்தில் வேறேதோ வந்து ஏறியது.

"ஒரு அக்கா அள்ளிக் குடுத்தாங்க. தொதலும் குடுத்தாங்க. அம்மா வரலியான்னு கேட்டாங்க."

"யாரது?" என்றார் அப்பா.

"தெரியலப்பா. சிங்களத்து அக்கா. ஆனா நம்ம அம்மா மாதிரியே எடதுகையால ஒடிச்சாங்க."

அப்பாவின் கை சோற்றில் நின்றது. அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக் குனிந்து நெருப்பை ஊதினாள். நெருப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது, ஆனாலும் ஊதினாள். அப்பா மீதிச் சோற்றைச் சாப்பிட்டு, கை கழுவி, வெளியே போய் வாசலில் நின்றார். அந்த வாரம் முழுவதும் இருவரும் என்னை நடுவில் வைத்தே பேசிக்கொண்டார்கள். அப்பாவுக்குத் தேத்தண்ணி குடு, அம்மாகிட்ட வெறகு இருக்கான்னு கேளு. அம்மாவின் கையிலிருந்து பாத்திரங்கள் அடிக்கடி நழுவின.

சனிக்கிழமை மாலை சித்தப்பா வழக்கம்போல் வந்து, நாளைக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அம்மா வாய் திறக்குமுன் அப்பா பேசினார்.

"எங்க வீட்டுக்கு இனிமே நீ வாங்கியார வேணாம் தம்பி."

"ஏண்ணே?"

"நீ கொண்டார மரக்கறி சரியில்ல."

"போன வாரம் புள்ளதானேண்ணே பொறுக்குச்சு. தங்கமா இருந்துச்சே."

"சின்னப் புள்ளைக்கு என்னா தெரியும்? அவளே போயி, பாத்து வாங்கிக்கிடட்டும்." பிறகு யாரையும் பார்க்காமல், "மெதுவா பாத்து வாங்கட்டும். அவசரமில்ல" என்றார்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் சித்தப்பாவைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே அநியாயம் நடந்திருந்தது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுப்புப் புகை என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அதே வெண்டிக்காய்க் குவியலின் அருகே அந்தப் பெண் நின்றாள். "நங்கி" என்றாள். "அக்கே" என்றாள் அம்மா. தங்கச்சி, அக்கா. சந்தையில் பெண்கள் எல்லோரும் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்; தேங்காய்க்காரியும் அம்மாவை நங்கி என்றுதான் கூப்பிட்டாள். அதனால் அந்த வார்த்தைகள் அங்கே உண்மையாகவே சொல்லப்பட்டன என்பது எனக்குத் தெரிய வெகுகாலமானது. அவள் அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. நான் பிறப்பதற்கு முன்பே, தோட்டத்துக்கு றப்பர் ஏற்ற வந்த சிங்கள லொறிக்காரரோடு போய்விட்டவள். அம்மாவின் வீட்டார் அன்றே தலைமுழுகிவிட்டார்கள். அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அப்பாவுக்குப் பெண் கொடுத்தார்கள். உனக்கு அக்கா இல்லையா என்று ஒருமுறை அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். "இல்ல" என்றாள். செத்துப்போனார்கள் போல என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: இரண்டு பெண்கள் நீல வெளிச்சத்தில் தோளோடு தோள் ஒட்டி நின்று வெண்டிக்காய் பொறுக்கினார்கள். ஒருத்தி எடுத்ததை மற்றவள் வாங்கிப் பார்த்து, தன் பையில் போடாமல் அடுத்தவள் பையில் போட்டாள். சில காய்களை ஒடிக்கக்கூட இல்லை, சும்மா விரலால் தடவிக்கொண்டே நின்றார்கள். ஒருதரம் இருவரும் எதற்கோ சிரித்தார்கள். சிரிப்பு முடிந்த பிறகும் அம்மாவின் கை அவள் கையின் மேலேயே இருந்தது. எனக்குக் கால் வலித்தது. இவ்வளவு நேரத்தில் நான் மூன்று வீட்டுக்குப் பொறுக்கியிருப்பேன். வியாபாரிகூடக் கடைசியில் சலித்துப்போய், குவியலை அவர்களிடம் விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார்.

அன்று மாலை அம்மா அந்த வெண்டிக்காயைக் குழம்பு வைத்தாள். முதல் துண்டை வாயில் போட்டதுமே தெரிந்துவிட்டது, முத்தல். மென்றால் நார் நாராகத் திரண்டது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் பயமாக இருந்தது. அப்பா என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தேன். சித்தப்பாவைப் பழிசொன்ன வாய் இப்போது என்ன சொல்லும்? அவர் ஒரு துண்டை வெகுநேரம் மென்றார். இன்னொன்றும் எடுத்து மென்றார்.

"மரக்கறி நல்லாருக்கு" என்றார்.

"பாத்து வாங்குனேங்க" என்றாள் அம்மா.

அப்பா இன்னும் கொஞ்சம் போடச் சொல்லித் தட்டை நீட்டினார். அம்மா அகப்பை நிறைய அள்ளிப் போட்டாள். நான் நாரைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு இருவரையும் மாறிமாறிப் பார்த்தேன். பெரியவர்களுக்கு வெண்டிக்காய் பார்த்து வாங்கவும் தெரியாது, வாயில் வைத்தாலும் தெரியாது என்று முடிவு கட்டினேன்.